10 மி.கி. மாத்திரையில் 3 மி.கி. எப்படி எடுப்பது? கைக்குழந்தைக்குக் கலந்து தரும் மருந்து பற்றி

தஞ்சை_மீனா
திங்கள், இரவு 10.20

எல்லோருக்கும் வணக்கம். இங்கே படித்ததோடு சரி, எழுதுவது இதுதான் முதல் தடவை.

என் பெண்ணுக்கு நான்கு மாதம், எடை 6 கிலோ. பிறந்தபோது ஒன்றும் இல்லை. மூன்றாவது வாரம் இடது கண் இமைக்கு மேல் கொசு கடித்த மாதிரி ஒரு சிவப்புப் புள்ளி வந்தது. இரண்டே மாதத்தில் அது கோவைப்பழம் போல உப்பி இமையை அமுக்க ஆரம்பித்துவிட்டது. 'கிரகணத்தன்று மாடிக்குப் போனாயே' என்று மாமியார் இன்னமும் சொல்கிறார். தோல் டாக்டர் பார்த்துவிட்டு, 'இது ஹீமாஞ்சியோமா, இரத்தக்குழாய்கள் கூடி வளர்வது. பெரும்பாலும் தானாகவே வற்றிவிடும். ஆனால் கண்ணை மறைத்தால் பார்வை கெடும், காத்திருக்க முடியாது' என்றார். ஈசிஜி, எக்கோ எல்லாம் எடுத்து, முதல் வேளை மருந்தை அங்கேயே கொடுத்து, இரண்டு மணி நேரம் வைத்துப் பார்த்துவிட்டு அனுப்பினார்கள். மருந்து ப்ரோப்ரனலால், பெரியவர்களுக்கு இதயத்துக்குக் கொடுப்பது. காலை 3 மி.கி., மாலை 3 மி.கி.

பிரச்சினை இனிமேல்தான். கடையில் இருப்பது பெரியவர்களுக்கான 10 மி.கி. மாத்திரை. சிரப் கிடையாது என்று ஏழெட்டு மெடிக்கலில் சொல்லிவிட்டார்கள். 'மாத்திரையைப் பொடித்து, கொதித்து ஆறின 10 மி.லி. தண்ணீரில் கரைத்து, சிரிஞ்சில் 3 மி.லி. எடுத்துக் கொடுங்கள், மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள்' என்று நர்ஸ் சொல்லி அனுப்பினார். செய்கிறேன். ஆனால் தினமும் கை நடுங்குகிறது. அடியில் வெள்ளையாக ஏதோ தங்குகிறது. மருந்து அதில் போய்விட்டதா, மேலே இருக்கிறதா? ஒரு கடைக்காரர், 'கொண்டு வாங்க மேடம், பொடி பண்ணி மூணு மூணா பொட்டலம் கட்டித் தர்றேன்' என்கிறார். அதை நம்பலாமா?

கரிசல்
திங்கள், இரவு 10.51

அக்கா, பொட்டலம் வேண்டாம். என் அண்ணன் பையனுக்கு இதய மாத்திரையை இப்படித்தான் பிளேடால் வெட்டி நான்கு துண்டாகக் கொடுத்தார்கள். ஒரு துண்டு பெரிது, ஒன்று சின்னது, ஒன்று பாதி தூளாகிப் பிளேடிலேயே ஒட்டிக்கொண்டது. நர்ஸ் சொன்ன தண்ணீர் முறையே மேல். விவரம் தெரிந்தவர்கள் வந்து சொல்லட்டும்.

ஒஹையோ_மருந்தாளுநர்
செவ்வாய், காலை 6.05

தங்கச்சி, முதலில் பயத்தை விடுங்கள். நான் கோவில்பட்டிக்காரன், 19 வருடமாக அமெரிக்காவில் மருந்தாளுநர் வேலை, அதில் பாதிக்கு மேல் மருந்து கலக்கும் பிரிவில். உங்கள் குழந்தையின் அளவை நான் மாற்றிச் சொல்லப் போவதில்லை, அது டாக்டர் வேலை. கலப்பது பற்றி மட்டும் சொல்கிறேன்.

ப்ரோப்ரனலால் ஹைட்ரோகுளோரைடு தண்ணீரில் நன்றாகக் கரையக்கூடியது. அடியில் தங்கும் வெள்ளை பெரும்பாலும் மாத்திரையைக் கட்டிவைக்கச் சேர்க்கும் மாவு வகைகள். ஆகவே நன்றாகப் பொடித்து, நன்றாகக் கலக்கி, கலக்கிய கையோடு எடுத்தால் 3 மி.லி.யில் ஏறக்குறைய 3 மி.கி. இருக்கும். இது எல்லா மாத்திரைக்கும் பொருந்தாது. ஸ்பைரனோலாக்டோன் போன்றவை தண்ணீரில் கரையவே கரையாது, மிதந்து பிறகு அடியில் படியும். மேலாக உறிஞ்சினால் குழந்தைக்குப் போவது வெறும் தண்ணீர், மருந்தெல்லாம் கிண்ணத்தின் அடியில். அதே நர்ஸ், அதே வார்த்தையை அந்த மருந்துக்கும் சொன்னால் தப்பாகிவிடும். கரையாத மருந்தைக் குழகுழப்பான திரவத்தில் சீராக மிதக்கவைத்துத் தருவதுதான் எங்கள் வேலையில் பாதி.

அப்புறம் இந்த மருந்தில் முக்கியமான இன்னொன்று. வயிறு காலியாக இருக்கும்போது கொடுக்கவே கூடாது. பால் கொடுத்துக்கொண்டே, அல்லது கொடுத்த உடனே. குழந்தை பால் குடிக்காமல் இருந்தாலோ, வாந்தி எடுத்துக்கொண்டே இருந்தாலோ அந்த வேளையை நிறுத்திவிட்டு டாக்டரைக் கூப்பிடுங்கள். சர்க்கரை இறங்கிவிடும். மூச்சில் இழுப்பு வந்தாலும் அப்படியே. பால் முழுவதிலும் மருந்தைக் கலக்காதீர்கள், பாதியில் தூங்கிவிட்டால் எவ்வளவு உள்ளே போனது என்று தெரியாது. வாயில் நேராக, கன்னத்தின் உட்புறமாக, கொஞ்சம் கொஞ்சமாக.

ஒரு சுவாரஸ்யம். இந்த மருந்து இந்தக் கட்டிக்கு வேலை செய்யும் என்று யாரும் தேடிப் பிடிக்கவில்லை. பிரான்சில் போர்தோ நகரில் மூக்கில் ஹீமாஞ்சியோமா இருந்த ஒரு குழந்தைக்கு ஸ்டீராய்டு கொடுத்ததில் இதயத் தசை தடித்துவிட்டது. இதயத்துக்காக ப்ரோப்ரனலால் கொடுத்தார்கள். மறுநாளே கட்டியின் சிவப்பு மங்கி, தொட்டால் மெத்தென்று ஆகிவிட்டது. அங்கே தோல் மருத்துவரான கிறிஸ்டின் லியோத்தே லாப்ரேஸ் குழு 2008-ல் இதை எழுதியது. அதற்குப் பிறகு ஆறு வருடம் உலகம் முழுக்க அம்மாக்களும் மருந்தாளுநர்களும் உங்களைப் போலத்தான் மாத்திரையையும் பெரியவர் மருந்தையும் வைத்துச் சமாளித்தார்கள். குழந்தைகளுக்கென்றே தயாரித்த திரவத்துக்கு இங்கே 2014-ல்தான் அனுமதி வந்தது, 1 மி.லி.யில் 4.28 மி.கி. நம் ஊர்க் கடையில் அது கிடைக்கவில்லை என்றால் நீங்கள் இன்னும் 2008-லேயே இருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

பழைய_கம்பவுண்டர்
செவ்வாய், காலை 9.30

அம்மா, எனக்கு 74 வயது. கும்பகோணம் பக்கம் ஒரு டாக்டரிடம் 1971-லிருந்து கம்பவுண்டர். அந்தப் பெயரைச் சொன்னாலே இப்போது பிள்ளைகள் சிரிக்கின்றன. ஊசி போடுகிற ஆள் என்று நினைக்கிறார்கள். கலப்பவன் என்றுதான் அர்த்தம்.

அந்தக் காலத்தில் டாக்டர் சீட்டில் மருந்துப் பெயர் எழுதமாட்டார், மருந்து செய்யும் முறையை எழுதுவார். சோடா உப்பு இவ்வளவு, ஏலக்காய் டிங்சர் இவ்வளவு, பெப்பர்மின்ட் வாட்டர் விட்டு ஆறு அவுன்சு ஆக்கு என்று இருக்கும். நோயாளி வீட்டிலிருந்தே பாட்டில் கொண்டு வருவார். கொண்டு வராதவருக்குத் திட்டு. பாட்டிலின் பின்பக்கம் நீளவாக்கில் ஒரு காகிதப் பட்டை ஒட்டுவோம். காகிதத்தை மடித்து ஓரத்தைச் சின்னதாக வெட்டினால் வரிசையாகப் பல் விழும். ஒரு பல்லுக்கு ஒரு வேளை. படிக்கத் தெரியாதவரும் அதைப் பார்த்து ஊற்றிக் குடிப்பார்.

பொட்டலம் கட்டுவது கேவலமான வேலை இல்லை, ஆனால் அதற்கு முறை உண்டு. 10 மி.கி. மருந்தைக் கண்ணால் மூன்றாகப் பிரிக்கக் கடவுளால்கூட முடியாது. மருந்துப் பொடியோடு அதே அளவு லாக்டோஸ், அதாவது பால் சர்க்கரை, போட்டுப் பீங்கான் கல்வத்தில் அரைக்க வேண்டும். அப்புறம் அந்த மொத்தத்துக்குச் சமமாக மறுபடி லாக்டோஸ். அரைத்து, மறுபடி சமமாக. இப்படி இரட்டித்து இரட்டித்துப் போனால்தான் மருந்து எல்லா இடமும் பரவும். மொத்த லாக்டோஸையும் ஒரேயடியாகக் கொட்டிக் கிளறினால் ஒரு பொட்டலத்தில் மருந்தே இருக்காது, அடுத்ததில் இரண்டு வேளைக்கானது இருக்கும். பிறகு ஒவ்வொரு பொட்டலத்தையும் தராசில் நிறுத்தித்தான் மடிக்க வேண்டும். உங்கள் கடைக்காரரிடம் 'தராசு இருக்கிறதா தம்பி' என்று கேளுங்கள். இல்லை என்றால் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள்.

இன்னொரு விஷயம். 1945-ம் வருட மருந்து விதிகளில் 65-ம் விதியைப் பாருங்கள். கடையில் பதிவு பெற்ற மருந்தாளுநர் இருந்தால் 'கெமிஸ்ட்ஸ் அண்ட் டிரக்கிஸ்ட்ஸ்' என்று போர்டு வைக்கலாம். 'ஃபார்மசி' என்று போட வேண்டுமானால் சீட்டைப் பார்த்து மருந்து கலக்கும் வசதி இருக்க வேண்டும். என்னென்ன சாமான் வேண்டும் என்று அட்டவணை 'என்' சொல்கிறது. தராசு, கல்வம், களிம்பு குழைக்கும் பலகை, அளவுக் குடுவை. கலக்கும் இடம் ஒரு ஆளுக்கு 6 சதுர மீட்டராவது. தெருவுக்கு நாலு ஃபார்மசி போர்டு தொங்குகிறது. எத்தனை கடையில் கல்வம் இருக்கிறது?

மெடிக்கல்_ராஜா
செவ்வாய், மதியம் 1.12

ஐயா, மரியாதையோடு சொல்கிறேன், கடை நடத்திப் பாருங்கள். 15 வருடமாக நடத்துகிறேன். பட்டையைக் கத்தரித்துப் பத்து மாத்திரை கொடுத்தால் சில ரூபாய் நிற்கும். நீங்கள் சொன்ன மாதிரி அரைத்து, நிறுத்து, மடிக்க ஒரு மணி நேரம். அதற்குக் கூலி கேட்டால் வாசலில் சண்டை. 'பக்கத்துக் கடையில் 20 சதவீதம் தள்ளுபடி' என்று கிளம்பிப் போய்விடுவார்கள். சரி, தொண்டாகவே செய்கிறேன் என்று வையுங்கள். குழந்தைக்கு ஏதாவது ஆனால் கம்பெனி பெயரா வரும்? என் பெயர்தான் வரும். அளவு சரியா என்று சோதித்துப் பார்க்க என்னிடம் என்ன இருக்கிறது? படிக்கும்போது கல்லூரி ஆய்வகத்தில் ஒரு வருடம் கார்மினேட்டிவ் மிக்சரும் களிம்பும் செய்தோம், ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்கினோம். அதோடு முடிந்தது.

மீனா மேடத்திடம் பொட்டலம் கட்டித் தருகிறேன் என்று சொன்னவர் செய்தது தவறுதான். ஆனால் செய்யமாட்டேன் என்று சொன்ன ஏழெட்டு கடைக்காரர்களைக் குறை சொல்லாதீர்கள்.

பழைய_கம்பவுண்டர்
செவ்வாய், மதியம் 3.45

தம்பி ராஜா, குறை சொல்லவில்லை. வயிற்றெரிச்சல். உங்களுக்குக் கட்டுப்படியாகாத வேலை இப்போது யார் தலையில் விழுந்திருக்கிறது பாருங்கள். தராசும் இல்லாமல் படிப்பும் இல்லாமல் அந்தப் பெண் சமையலறையில் உட்கார்ந்து செய்கிறாள். கம்பவுண்டர் ஒழிந்துவிட்டான் என்கிறீர்கள். எங்கே ஒழிந்தான்? வீட்டுக்கு ஒருத்தி ஆகிவிட்டாள்.

மெடிக்கல்_ராஜா
செவ்வாய், மதியம் 3.58

அது வாஸ்தவம்தான் ஐயா.

கரிசல்
செவ்வாய், மாலை 5.20

முழுக்க ஒழியவில்லை. போன வருடம் பெரியப்பாவுக்குக் களத்துமேட்டில் நெல் உமி கண்ணில் குத்திக் கருவிழியில் புண். மதுரைக்குக் கொண்டு போனோம். கடையில் விற்கும் சொட்டு மருந்தின் வீரியம் போதாது என்று, நரம்பில் போடும் ஆன்டிபயாடிக் ஊசிப் பொடியைச் செயற்கைக் கண்ணீர் மருந்தில் கரைத்து அங்கேயே கொடுத்தார்கள். கையால் எழுதிய லேபிள். ஃப்ரிட்ஜில் வை, சில நாளில் காலாவதி, மிச்சம் இருந்தாலும் தூக்கிப்போடு என்றார்கள். 'புது மருந்தை ஏன்டா தூக்கிப் போடணும்' என்று பெரியப்பா அதை ஒளித்து வைத்திருந்தார். பெரியம்மா கண்டுபிடித்துக் கொட்டினார். கண் பிழைத்துவிட்டது.

சேலம்_வாசகி
செவ்வாய், இரவு 8.02

கலந்து தரும் மருந்து என்றதும் என் கதை ஞாபகம் வந்தது. முகத்தில் மங்கு. ஊர் பேர் வேண்டாம், ஒரு தோல் டாக்டரிடம் போனேன். வெள்ளை டப்பாவில் வெள்ளை கிரீம், மேலே ஒன்றும் எழுதவில்லை. 'என் சொந்தக் கலவை, வெளியே கிடைக்காது' என்றார். பத்தே நாளில் முகம் பளபளத்தது, ஊரே கேட்டது. எட்டு மாதத்தில் தோல் காகிதம் மாதிரி மெலிந்து, கன்னத்தில் சிவப்பு நரம்புகள், மூக்கோரம் மீசை மாதிரி முடி. நிறுத்தினால் எரிச்சல், போட்டால் அடங்கும். வேறு டாக்டர் பார்த்து, ஸ்டீராய்டாகத்தான் இருக்கும் என்றார். எவ்வளவு வீரியம், கூட என்னென்ன என்று டப்பாவில் இருந்தால்தானே தெரியும்? என்னைப் பொறுத்தவரை, பெயர் எழுதாத டப்பா எதுவும் வீட்டுக்குள் வரக்கூடாது.

ஒஹையோ_மருந்தாளுநர்
புதன், காலை 6.30

சேலம் சகோதரி, கலந்து தரும் மருந்தில் என்னென்ன எத்தனை சதவீதம், கலந்த தேதி, எப்போதுவரை பயன்படுத்தலாம், எங்கே வைக்க வேண்டும், இவ்வளவும் மேலே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அது இரகசியம், மருந்து இல்லை. குடிக்கும் மருந்தானால், பாதுகாப்புப் பொருள் சேர்க்காத தண்ணீர்க் கலவைக்கு இங்கே அதிகபட்சம் ஃப்ரிட்ஜில் 14 நாள், சேர்த்திருந்தால் 35 நாள். தனியாகச் சோதனை செய்து நிரூபித்த கலவைக்குத்தான் அதற்கு மேல். பெரியப்பாவிடம் சொல்லுங்கள் கரிசல்.

லூயிஷம்_தமிழன்
புதன், மதியம் 2.40

வணக்கம். நான் யாழ்ப்பாணம், இருப்பது லண்டனில். இங்கே ஒரு மருந்தகத்தில் வேலை செய்கிறேன். கம்பவுண்டர் ஐயா எழுதியதை இரசித்துப் படித்தேன், ஆனால் ஒரு பக்கத்தை மட்டும் பார்க்கிறோமோ என்று தோன்றுகிறது.

இங்கிலாந்தில் 1998-ல் நடந்ததை எங்களுக்குப் பயிற்சியிலேயே சொல்லித் தருவார்கள். வயிற்றுவலிக்காகப் பிறந்து சில நாளே ஆன ஒரு குழந்தைக்குப் பெப்பர்மின்ட் வாட்டர் எழுதியிருந்தார்கள். கடையில் வைத்துக் கலந்தார்கள். அதில், கெடாமலிருக்க, 'இரட்டை வீரியக் குளோரோஃபார்ம் வாட்டர்' சேர்க்க வேண்டும். சேர்த்தது 'கான்சன்ட்ரேட்டட் குளோரோஃபார்ம் வாட்டர்'. இரண்டு போத்தலும் ஒரே அலமாரியில் இருக்கிற சாமான், பெயரும் கிட்டத்தட்ட ஒன்று. வீரியமோ 20 மடங்கு. குழந்தை இறந்துபோனது. வெறும் ஓம வாட்டர் மாதிரியான ஒரு விஷயம், பாருங்கள். அதற்குப் பிறகு இங்கே கடைகளில் கலப்பது வெகுவாகக் குறைந்தது. இப்போது தேவைப்பட்டால் உரிமம் பெற்ற தனித் தயாரிப்பாளர்களிடம் எழுதிப்போட்டு எடுக்கிறோம். விலை பயங்கரம், வரச் சில நாள் ஆகும். ஆனால் சோதித்து வருகிறது.

பழைய_கம்பவுண்டர்
புதன், மாலை 4.15

தம்பி, நீங்கள் சொன்னது சரி. நானும் ஒன்று சொல்லிவிடுகிறேன், மறைத்து என்ன ஆகப்போகிறது. 1978 வாக்கில் ஒரு பெரியவருக்கு வேறு ஆள் பாட்டிலை மாற்றிக் கொடுத்துவிட்டேன். அவர் வீட்டுக்குப் போய் ஒரு வேளை குடித்துவிட்டார். சைக்கிளை எடுத்துக்கொண்டு நாலு மைல் ஓடினேன். திண்ணையில் உட்கார்ந்து, 'இன்றைக்கு மருந்து தித்திப்பாக இருந்ததப்பா' என்றார். அன்றிலிருந்து பாட்டிலைக் கையில் கொடுக்கும் முன் பேரையும் தகப்பன் பேரையும் அவர்கள் வாயாலேயே சொல்லச் சொல்வேன்.

விதைநெல்
புதன், இரவு 9.10

அமெரிக்காவில் கலந்த ஊசி போட்டு நிறையப் பேர் செத்தார்களே, அதையும் சொல்லுங்கள். கூடவே இந்த உடல் எடை குறைக்கும் ஊசி பற்றியும். என் மச்சினர் நியூஜெர்சியில் ஏதோ கலந்து தரும் கடையில் சல்லிசாக வாங்கிப் போடுகிறார்.

ஒஹையோ_மருந்தாளுநர்
வியாழன், காலை 6.15

சொல்கிறேன். 2012, மாசசூசெட்ஸ் மாநிலம் ஃப்ரேமிங்ஹாம், நியூ இங்கிலாண்ட் காம்பவுண்டிங் சென்டர். முதுகுவலிக்குத் தண்டுவடத்தை ஒட்டிப் போடும் ஸ்டீராய்டு ஊசி. அதில் பூஞ்சை வளர்ந்திருந்தது. 20 மாநிலங்களில் 753 பேருக்கு நோய், அரசுக் கணக்கிலேயே 64 சாவு. காரணம் கைத்தவறு இல்லை, பேராசை. ஒரு நோயாளிக்கு ஒரு சீட்டு, அதற்கு ஒரு மருந்து என்பதுதான் எங்கள் தொழில். அவர்கள் சீட்டே இல்லாமல் ஆயிரக்கணக்கில் குப்பிகளை அடைத்து நாடு முழுக்க அனுப்பினார்கள். கணக்குக் காட்ட நடிகர்கள் பெயரையும் கற்பனைப் பெயர்களையும் நோயாளி என்று எழுதினார்கள். தொழிற்சாலை வேலையைக் கடை என்ற போர்வையில் செய்தார்கள். மறு வருடம், 2013-ல், சட்டம் திருத்தப்பட்டது. சீட்டுக்குக் கலப்பவர்கள் ஒரு பிரிவு, மொத்தமாகத் தயாரிப்பவர்கள் தனிப் பிரிவு, இவர்கள் மத்திய அரசின் சோதனைக்கு உட்பட வேண்டும்.

ஆகவே மீனா தங்கச்சி, வாயால் குடிக்கும் கலவை வேறு, ஊசியாகவோ கண்ணிலோ போகும் கலவை வேறு. இரண்டாவது வகையைச் சுத்த அறை இல்லாமல் யாரும் தொடக்கூடாது.

மச்சினர் விஷயம். எடை குறைக்கும் ஊசி மருந்தான செமக்ளூடைடுக்குத் தட்டுப்பாடு இருந்தபோது கலந்து கொடுக்க வழி விட்டிருந்தார்கள். 2025 பிப்ரவரியில் தட்டுப்பாடு தீர்ந்ததென்று அறிவித்து அந்த வழியை அடைத்தார்கள். அதற்கு முன்பே ஐந்து மடங்கு, இருபது மடங்கு அளவு போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள் உண்டு. கம்பெனி ஊசிப் பேனாவில் அளவைத் திருப்பினால் போதும். குப்பியில் வந்தால் மி.கி.யா, மி.லி.யா, யூனிட்டா என்று நாமே கணக்குப் போட வேண்டும். மச்சினர் என்ன அளவு போடுகிறார் என்று இந்த மூன்றிலும் சொல்லச் சொல்லுங்கள். முழித்தால் நிறுத்தச் சொல்லி டாக்டரிடம் அனுப்புங்கள்.

நிர்வாகி
வியாழன், காலை 8.00

எடை ஊசிக்குத் தனி இழை திறந்திருக்கிறேன். அதை அங்கே தொடரவும். இங்கே குழந்தை மருந்து.

விதைநெல்
வியாழன், காலை 8.40

சரி நிர்வாகி. கடைசியாக ஒன்று, இது இந்த இழைக்கு உரியதுதான். கடையில் கலப்பது ஆபத்து, கம்பெனி மருந்தே பாதுகாப்பு என்று எல்லோரும் ஒத்துக்கொண்ட மாதிரி இருக்கிறது. 2025-ல் மத்தியப் பிரதேசம் சிந்த்வாராவில் குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து செத்தது எதனால்? நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில், உரிமம் உள்ள கம்பெனியில் தயாரான இருமல் சிரப். 48.6 சதவீதம் டைஎத்திலீன் கிளைக்கால். 1972-ல் சென்னையில், 1986-ல் மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில், எல்லாம் அதே விஷம். லேபிள் அழகாகத்தான் இருந்திருக்கும்.

பழைய_கம்பவுண்டர்
வியாழன், காலை 11.20

விதைநெல் நல்ல இடத்தைத் தொட்டார். 1986-ல் மும்பையில் 14 பேர் போனது கிளிசரினால். அங்கே கிளிசரினையே மருந்தாகக் கொடுத்தார்கள், அதில்தான் அந்த விஷம் கலந்திருந்தது. சிரப்பில் மருந்தைக் கரைக்கும் பொருளோடும் அது இப்படித்தான் உள்ளே வரும். தொழிற்சாலைக்கு வரும் கிளிசரினும் மருந்துக்கு வரும் கிளிசரினும் பார்வைக்கு ஒன்றுதான், தொட்டால் ஒன்றுதான், நாக்கில் வைத்தாலும் ஒன்றுதான். யாராவது உங்களுக்குக் குழந்தை மருந்தைத் திரவமாகக் கலந்து தந்தால் 'எதில் கரைத்தீர்கள்' என்று கேட்கத் தவறாதீர்கள். மீனா அம்மா கொதித்து ஆறின தண்ணீரில் கரைத்து உடனே கொடுத்து மிச்சத்தைக் கொட்டுகிறாள். எனக்கு அதில் குறை தெரியவில்லை.

உப்பிலி
வெள்ளி, இரவு 7.30

நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். அப்பாவுக்குப் பக்கவாதம், மூக்குக் குழாயில்தான் எல்லாம். பிரஷர் மாத்திரையைப் பொடித்துக் குழாயில் விட்டோம், ஒரு மணி நேரத்தில் பிரஷர் 90-க்குக் கீழே போய் மயங்கிவிட்டார். பட்டையைப் பார்த்த டியூட்டி டாக்டர், பெயருக்குப் பின்னால் இருந்த 'எஸ்.ஆர்.' என்ற இரண்டு எழுத்தைக் காட்டித் திட்டினார்.

ஒஹையோ_மருந்தாளுநர்
சனி, காலை 6.40

எஸ்.ஆர்., ஈ.ஆர்., சி.ஆர்., எக்ஸ்.எல்., ரிடார்ட் என்று எது இருந்தாலும் பொடிக்கக்கூடாது. நாள் முழுக்கக் கசிய வேண்டியது ஒரேயடியாக இறங்கிவிடும். வயிற்றுப் புளிப்பில் கரையாமலிருக்கப் பூச்சு போட்ட மாத்திரைகளும் அப்படித்தான். ஒமெப்ரசோல் காப்ஸ்யூலின் குருணையைச் சும்மா அரைத்தால் வயிற்றுப் புளிப்பிலேயே வீணாகும். அதனால்தான் ஆஸ்பத்திரிகளில் அதை 8.4 சதவீதச் சோடியம் பைகார்பனேட்டில் கலக்குகிறார்கள். அப்பாவின் எல்லா மாத்திரைப் பட்டைகளையும் பரப்பி வைத்து, 'இதில் எதைப் பொடிக்கலாம்' என்று அந்த ஆஸ்பத்திரி மருந்தாளுநரிடம் ஒருமுறை கேளுங்கள். அநேகமாக மாற்று இருக்கும்.

தஞ்சை_மீனா
மூன்று வாரம் கழித்து, ஞாயிறு, மாலை 6.10

எல்லோருக்கும் நன்றி. ஒரு செய்தி சொல்ல வந்தேன், ஒரு குற்றமும் ஒத்துக்கொள்ள.

செய்தி, கட்டி தட்டையாகிவிட்டது. சிவப்பு போய் நடுவில் சாம்பல் பூத்த மாதிரி இருக்கிறது. கண் முழுசாகத் திறக்கிறாள். வற்றத் தொடங்கினால் அப்படித்தான் நிறம் மாறும் என்றார் டாக்டர். மருந்தை வேளைக்கு 6 மி.கி. ஆக்கினார். 6 மி.லி. கொடுத்தால் பாதியைத் துப்பிவிடுகிறாள் என்று சொன்னேன். 'அப்படியானால் மாத்திரையை 5 மி.லி.யில் கரையுங்கள், 3 மி.லி. கொடுங்கள்' என்றார். அதாவது பழைய கோடுதான், மருந்து இரண்டு மடங்கு. எனக்குப் புரிந்தது. வீட்டில் வார்த்தையாக மட்டும் சொன்னேன், எழுதி வைக்கவில்லை. அதுதான் குற்றம்.

அன்று எனக்குக் காய்ச்சல், படுத்துவிட்டேன். என் வீட்டுக்காரர் 5 மி.லி.யில் கரைத்து வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டார். மாமியார் காதில் விழுந்திருந்தது 'இனிமேல் ஆறு' என்பது மட்டும். 10 மி.லி. சிரிஞ்சில் 6 வரை இழுக்கப் பார்த்திருக்கிறார். கிண்ணத்தில் இருந்ததே 5 மி.லி. தான், எப்படி இழுத்தாலும் 6-க்கு ஏறவில்லை. 'மருந்து பத்தலையே' என்று என்னை எழுப்பினார். ஒரு கிண்ணம் பெரிதாக, கொஞ்சம் தண்ணீர் கூடுதலாக இருந்திருந்தால் ஒரு மாத்திரை முழுக்க உள்ளே போயிருக்கும். அன்று இரவு தூங்கவில்லை.

மறுநாள் 10 மி.லி. சிரிஞ்சைத் தூக்கிப் போட்டுவிட்டு 5 மி.லி. ஒன்று வாங்கினோம். சுவரில் பெரிதாக எழுதி ஒட்டினேன். 'முதலில் பால். 1 மாத்திரை, 5 மி.லி. தண்ணீர், 3 மி.லி. வாய்க்கு, மிச்சம் சிங்க்கில்.' கொடுத்தவர் பக்கத்தில் மாதக் காலண்டரில் டிக் அடிக்க வேண்டும், இல்லாவிட்டால் இருவரும் கொடுத்துவிடுவோம்.

கம்பவுண்டர் ஐயா எழுதிய காகிதப் பட்டை விஷயத்தை மாமியாருக்குப் படித்துக் காட்டினேன். சின்ன வயதில் அவர் அப்பாவுக்கு அப்படி பாட்டில் வாங்கி வந்திருக்கிறாராம், திருவையாற்றில். உடனே தினசரிக் காலண்டர் தாளைக் கத்தரித்து ஒரு பல் வெட்டி, சிரிஞ்சில் 3-ம் கோட்டுக்கு நேராக ஒட்டிவிட்டார். இனிமேல் எண்ணே படிக்க வேண்டாமாம்.

பழைய_கம்பவுண்டர்
ஞாயிறு, மாலை 7.05

என்ன பசை வைத்து ஒட்டினார்கள்? சோற்றுப் பசை என்றால் கழுவக் கழுவ ஊறி நகர்ந்துவிடும், கோடு தப்பும். மேலே ஒரு சுற்று செல்லோடேப் ஒட்டச் சொல்லுங்கள். சிரிஞ்சை மாற்றும்போது பழையதைப் பக்கத்தில் வைத்துப் பார்த்து ஒட்டக்கூடாது, எண்ணைப் பார்த்து ஒட்ட வேண்டும்.

தஞ்சை_மீனா
ஞாயிறு, இரவு 7.20

மைதாப் பசை ஐயா. செல்லோடேப் வாங்க அவர் போயிருக்கிறார்.